கொண்டை சிவக்காத சேவல்

ஊட்டி மார்க்கெட்டில் ஹபீப் முகமதுவிடம் வாய்கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பியவர்கள் குறைவு. விற்பது கோழித் தீவனமும் மாட்டுத் தவிடும்தான். ஆனால் ஏதோ நகைக்கடை நடத்துகிறவர் போலக் கடையின் பெயரைக் காபந்து பண்ணிக்கொண்டிருந்தார். தவிட்டில் உமி அதிகம் என்று யாராவது முனகிவிட்டால் போதும், மனிதர் மூட்டையை அவிழ்த்துத் தரையிலேயே கொட்டி, எங்கே உமி, காட்டு என்று இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவார்.

அப்பேர்ப்பட்டவரின் கடை முன்னால், செப்டம்பர் மழை சற்றே விட்டிருந்த ஒரு காலையில், சசிரேகா கூடையோடு வந்து நின்றாள். கிளென்மார்கன் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் இலை பறிக்கிறவள். கூடையைத் திறந்து ஒரு பறவையை எடுத்துக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பாய், இது சேவலா, கோழியா? நீங்களே சொல்லுங்க. நாலு பேரு கேக்கட்டும்."

நாலு பேரென்ன, பக்கத்து உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் உட்பட பத்துப்பேர் கூடிவிட்டார்கள். உடம்பெல்லாம் சேவலின் உடம்புதான். செம்பொன் கழுத்து, வளைந்த வால், நீளக் கால். கொண்டை மட்டும் சின்னக் குஞ்சுக்கு இருப்பதுபோல ஒட்டிக் கிடந்தது, அதிலும் ரத்தமே இல்லாத வெளுப்பு. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற அந்தச் சேவல் கொக்கரிக்கவுமில்லை, கொத்தவுமில்லை. காலை மடக்கிப் பம்மிக்கொண்டது.

"மாசி மாசம் பொரிச்சதுங்க. இந்நேரம் எஸ்டேட் லைன் வீடுகளையே கூவி எழுப்பிப்போட்டிருக்கோணும். இருக்கற சேவல்ல ஒண்ணுகூடக் கூவலை. கோழிங்க பக்கம் திரும்பிக்கூடப் பாக்கறதில்லை. அடைவெச்ச முட்டை அத்தனையும் கூமுட்டை!"

"அதுக்கு நான் என்னம்மா பண்ணட்டும்? ஊட்டுக்கு வந்து உன் சேவலுக்குக் கூவக் கத்துக்குடுக்கட்டுமா?"

கூட்டம் சிரித்தது. சசிரேகா சிரிக்கவில்லை.

"உங்க தீவனத்துல ஹார்மோன் இருக்குதுங்க. போன்ல பூராவும் அதைத்தான் போடறாங்க. எதையோ கலந்து குடுத்து என் சேவலையெல்லாம் பொட்டையாக்கிப்போட்டீங்க."

ஹபீப் போட்ட கூச்சலில் மண்டியில் இருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன. எத்தனை வருஷமாகக் கடை நடத்துகிறேன் தெரியுமா, என் அத்தா காலத்திலிருந்து ஒரு சொல் கேட்டதுண்டா, இறங்கு, முதலில் கடையை விட்டு இறங்கு என்று கத்தித் தீர்த்தார். சசிரேகாவின் கண் கலங்கிவிட்டது. ஆனால் குரல் கலங்கவில்லை.

"இந்தச் சேவலை நீங்களே வெச்சுக்குங்க. மத்ததைக் கறிக்கடைக்குத் தள்ளிட்டு நான் எலைக் கூடையையே மாட்டிக்கிட்டுத் திரியறேன்."

அவள் நொண்டிக்கொண்டே போனதை எல்லோரும் பார்த்தார்கள். சரிவுகளில் ஏறி இறங்கி முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனவள் அவள். இனி மேட்டில் ஏறக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து எஸ்டேட் லைன்களில் விற்று, வருகிற வருஷம் இலை பறிப்பதை விட்டுவிடுவது என்பதுதான் அவளுடைய திட்டம். அந்தத் திட்டத்தில் சேவல் கூவுவதும் அடக்கம்.

கூட்டம் கலைந்தபிறகும் ஹபீப் கத்திக்கொண்டிருந்தார். மடியில் கனமில்லாதவர் இவ்வளவு கத்துவாரா? அவருக்கும் ஒரு கனம் இருந்தது. ஜூலையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மரங்கள் விழுந்து லாரி ஏறாத வாரம் ஒன்று. வழக்கமான கம்பெனித் தீவனம் தீர்ந்துபோயிற்று. வந்த வாடிக்கையைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், வேறு பாதையில் சுற்றி வந்த வேறொரு மில்லின் தீவனத்தைச் சசிரேகாவுக்கு ஏற்றி அனுப்பினார். மாற்று மூட்டை என்று அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், ஹபீப் கடையிலேயே சரக்கு இல்லையாம் என்று பேச்சு வரும் அல்லவா! பெயரைக் காப்பாற்றத்தான் சொல்லாமல் விட்டார். இப்போது அந்தப் பெயரே சந்தி சிரிக்கிறது.

வீட்டுக்குச் சேவலோடு வந்த புருஷனை ஹபீபுன்னிசா ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னங்க இது? அறுத்தா குழம்புக்குக்கூட ஆகாது போலிருக்கே."

"அறுக்கறதுக்கு இல்ல."

"பின்ன, கொஞ்சறதுக்கா?"

இரண்டு வாய் சோறு இறங்குவதற்குள் அவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார், மாற்று மூட்டை உட்பட. மார்க்கெட்டே நடுங்குகிற மனிதர் ஹபீபுன்னிசாவிடம் மட்டும் ஒரு ராத்திரிகூட எதையும் மறைத்து வைத்ததில்லை. அவள் திட்டவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை.

"நாளைக்கு டாக்டரம்மாகிட்டக் கொண்டுபோங்க. உங்க மேல தப்பு இருந்தா, அந்தப் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றதுன்னு அப்புறம் யோசிப்போம்" என்றாள்.

கால்நடை மருத்துவர் சுஜாதா வயதில் சின்னவர், பொறுமை அதிகம். சேவலின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார், நெஞ்செலும்பைத் தடவினார், கொண்டையை இரு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"நோய் இருக்கற மாதிரி தெரியலை பாய். வளரவேண்டியது வளராம நிக்குது. சேவலுக்கு விரை வயித்துக்குள்ளே, முதுகெலும்பை ஒட்டி இருக்கும். அது பருத்து ஆண் ஹார்மோன் சுரந்தாத்தான் கொண்டை சிவக்கும், குரல் வரும், விந்து வரும். உள்ளே என்ன நடக்குதுன்னு கொண்டையைப் பாத்தே சொல்லிடலாம். இதுக்கு உள்ளே இன்னும் அரிசி அளவுலதான் இருக்கும்னு நினைக்கிறேன்."

"தீவனத்துல ஹார்மோன்னு அந்தப் பொண்ணு சொல்லுதுங்க."

"அதெல்லாம் போன்ல சுத்தற கதை. யாரும் கலக்கறதில்லை."

ஹபீபுக்கு அங்கேயே ஒரு சலாம் போட்டுவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. டாக்டர் விடவில்லை.

"ஆனா ஈரத்துல கிடந்து பூஞ்சை பிடிச்ச தீவனம்னா இப்படி ஆகலாம். இல்லேன்னா, பயம். ஓயாத பயத்துல இருக்கற பறவைக்கு உடம்பு வேற ஒரு ஹார்மோனைச் சுரக்கும். உசிரு பொழச்சாப் போதும், குடும்பம் அப்புறம்னு மூளை முடிவு பண்ணிடும். ஆண் ஹார்மோனுக்கான உத்தரவே மேலிருந்து வராது. உங்க மூட்டை எப்படி இருந்துச்சு?"

ஜூலை மழையில், வேறு மில்லிலிருந்து, தார்ப்பாய் சரியில்லாத வண்டியில் வந்த மூட்டை. அதே சரக்கில் ஒன்று கடையின் பின்கட்டில் இன்னும் கிடக்கிறது என்று மட்டும் ஹபீப் சொன்னார். பரிசோதனைக்கு அனுப்பினால் பதில் வர நாளாகும் என்றார் டாக்டர். அதற்குள் மற்றச் சேவல்கள் குழம்பாகிவிடும்.

அங்கேதான் ஹபீபின் முரட்டுப் பிடிவாதம் முதல்தடவையாக ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது. அந்த மூட்டையையே பிரித்து, அதையே இந்தச் சேவலுக்குப் போடுவது என்று முடிவு செய்தார். கெடுத்தது தன் மூட்டைதான் என்றால், அது தன் கண்முன்னாலேயே தெரியட்டும். டாக்டர் சசிரேகாவுக்குப் போன் போட்டு, தீபாவளி வரைக்கும் எதையும் விற்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். யார் என்ன சொன்னாலும் கேட்கிற நிலையில் இல்லாத சசிரேகா, டாக்டரம்மா சொன்னதால் சரியென்றாள்.

சேவல் ஹபீபின் வீட்டுக் கொல்லையில் குடியேறியது. முதல் சில நாட்கள் அதைப் பார்க்கவே பாவமாக இருந்தது. கதவு கிறீச்சிட்டால் பம்மியது. ஹபீபுன்னிசா புடவையை உதறிக் காயப்போட்டால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ச் செருகிக்கொண்டது. மார்க்கெட் வீடு அது. பஸ் ஹாரன், மூட்டை இறக்குகிற சத்தம், பள்ளிவாசல் பாங்கு என்று ஒரு நொடி ஓயாது. போதாததற்கு ஹபீபின் தொண்டை வேறு. இந்தச் சத்தத்தில் இது எங்கே உருப்படப்போகிறது என்று நினைத்தவர், தன் வீட்டுக்குள் தானே குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த அதிசயத்தைக் கண்டதில்லை என்று ஹபீபுன்னிசா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தாள்.

ஆனால் சேவலுக்கு அந்தச் சத்தங்கள் பழகிவிட்டன. எந்தச் சத்தமும் தன்னைத் தின்ன வரவில்லை என்று அது கண்டுகொண்டிருக்க வேண்டும். ஹபீபுன்னிசா அரிசி களையும்போது காலடியில் வந்து நின்றது. தீவனத்தை வெட்டித் தின்றது. ஹபீப் காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் அதன் கொண்டையைப் பார்த்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு லேசாக ரோஸ் ஓடியது போலிருந்தது. கண்ணின் மயக்கமோ என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவளுக்கும் அப்படித்தான் தெரிந்தது. அக்டோபரில் கொண்டை எழும்பி நின்று சிவந்தது. தாடி தொங்கியது. நடையே மாறிவிட்டது.

ஒருநாள் மதியம் கடையை மூடிவிட்டு வந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கொல்லையிலிருந்து ஒரு சத்தம். துருப்பிடித்த கிணற்று உருளையை யாரோ பாதி சுற்றி விட்டதுபோல இருந்தது. மறுபடியும் வந்தது, இந்தத் தடவை முழுசாக. ஹபீப் டம்ளரைக் கீழே வைத்தாரா போட்டாரா தெரியாது, வெறுங்காலோடு ஓடினார். தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று, கழுத்தை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு சேவல் கூவிக்கொண்டிருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு அங்கேயே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைக்காமல் அப்படியே விட்டார். தன் மூட்டை யார் வயிற்றிலும் அடிக்கவில்லை.

நிம்மதி வந்ததும் கூடவே பழைய கோபமும் வந்தது, அதுதான் ஹபீப். மறுநாளே சேவலைக் கூடையில் போட்டுத் தெரிந்தவரின் ஆட்டோவில் கிளென்மார்கனுக்குப் புறப்பட்டார். பத்துப்பேர் முன்னால் கேட்டவள் பத்துப்பேர் முன்னால் பதில் வாங்கிக்கொள்ளட்டும் என்று வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டே போனார். பைக்காராவைத் தாண்டியதும் பனிமூட்டம் சூழ்ந்துகொண்டது. பட்டப்பகலில் ஆட்டோ விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தது. எஸ்டேட்டில் பறிப்பு நடக்கிற இடத்தைக் கேட்டுக் கண்டுபிடித்து, சாப்பாட்டு நேரத்தில் சசிரேகாவைப் பிடித்தார். கூடையைத் திறந்து காட்டினார். சசிரேகா கொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். சிவப்பு கையில் ஒட்டுகிறதா என்று விரலைப் பார்த்துக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்ததும் ஹபீபுக்கு அவ்வளவு வசனமும் மறந்துபோயிற்று.

"உன்னுதுதான். அதே மூட்டைத் தீவனம்தான். வேற ஒண்ணும் போடலை" என்றார்.

"அப்ப எங்க ஊட்டுலதான் என்னமோ இருக்குதுங்க பாய். வாங்க, வந்து பாருங்க."

அவள் வீடு லைனின் கடைசி. வீட்டுக்குக் கீழே, தேயிலைச் செடி தொடங்குகிற இடத்தில் கோழிக் கொட்டகை. அதன் முன்னால் வலை அடித்த முற்றம். ஆளரவம் இல்லை. அவளும் வேலைக்குப் போய்விடுவாள், புருஷன் தினகரன் மின்வாரியத்தில் டிரைவர், விடிந்தால் போனவர் சாயங்காலம்தான் வருவார். பனியில் எதிரே நிற்கும் மரம்கூடத் தெரியவில்லை. சாயங்காலம் போலிருந்தது, மணி என்னவோ மதியம்தான்.

ஹபீப் சேவலை முற்றத்துக்குள் இறக்கிவிட்டார். மூலையில் ஒண்டியிருந்த வெளுத்த கொண்டைக்காரர்களைப் பார்த்து அது இறக்கையை விரித்து, ஒரு அடி, இரண்டு அடி ஜம்பமாக நடந்தது.

"ஹ்ர்ர்ர்ர்..."

நேர் பின்னால் புலி. சந்தேகமே இல்லை, புலி. ஹபீபின் எழுபது கிலோ உடம்பு அன்று ஓடிய ஓட்டத்தை இதற்கு முன்னும் ஓடியதில்லை, இனியும் ஓடப்போவதில்லை. ஒரு செருப்பு தேயிலைச் செடிக்குள் போயிற்று. வீட்டு வாசற்படியில் ஏறிக் கதவை இடித்துக்கொண்டு நின்றபோதுதான் சசிரேகா சிரிக்கிற சத்தம் கேட்டது.

"ஐயோ பாய்! அது மிஷினுங்க! வாங்க, ஒண்ணும் பண்ணாது."

போன மாசியில் சிறுத்தை வந்து லைனில் இரண்டு நாயைத் தூக்கிப்போனதாம். தினகரன் கோயம்புத்தூரில் ஒரு மிஷின் வாங்கிவந்து கொட்டகைத் தூணில் மாட்டியிருக்கிறார். எதிரே ஏதாவது அசைந்தால் புலி உறுமும், நாய் குரைக்கும், வெடி வெடிக்கும். எல்லாம் பதிவு செய்த சத்தம். பகலில் தானாக அணைந்துவிடும், இருட்டினால் தானாக விழித்துக்கொள்ளும். சிறுத்தை அப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் படுத்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் பழகியும் போயிற்று.

சொல்லிக்கொண்டே வந்த சசிரேகா பாதியில் நின்றுவிட்டாள்.

"இருட்டுனாத்தானே கத்தும்? இப்ப மத்தியானமுங்களே, பாய்."

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். பார்க்க வானமே இல்லை. வெயில் காயும் கோயம்புத்தூர்க் கடைக்காரனுக்குப் பகல் என்றால் பகல், இருட்டு என்றால் இருட்டு. ஜூன் தொடங்கிப் பகலையே பார்க்காத ஊர் ஒன்று மலைமேல் இருக்கிறது என்று அவனுக்கு யார் சொன்னது? மிஷின் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. வெளிச்சம் இல்லை, ஆகவே இருட்டு. எதிரே அசைவது சிறுத்தையா சேவலா என்று அதற்குத் தெரியாது. சேவல் தீனிக்கு ஓர் அடி வைத்தால் புலி. இறக்கையை விரித்தால் வெடி. அசையாமல் கிடந்தால் மட்டுமே அமைதி.

"ஞாயித்துக்கெழமை நாங்க ஊட்டுல இருப்போமுங்க. அன்னைக்கு மட்டும் எங்க ஊட்டுக்காரரு காலையிலேயே சுவிட்சை நிறுத்திப்போடுவாரு. சாயங்காலம் டிவி கேக்கோணும்னு. அதான் பகல்ல இது கத்தறதே எங்களுக்குத் தெரியலை" என்றாள் சசிரேகா. சொல்லும்போதே அவள் குரல் இறங்கிப்போயிற்று.

முற்றத்தில் சேவல்கள் எல்லாம் தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தன. நேற்றுத்தான் முதல்தடவையாகக் கூவிய ஹபீபின் சேவலும் அவற்றோடு ஒட்டிக் கிடந்தது. அதைப் பார்த்த ஹபீபுக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. ஒரே ஒரு உறுமலுக்கே தன் செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. இதுகள் பிஞ்சுப் பருவத்திலிருந்து ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கின்றன. இதில் எங்கே கொண்டை சிவப்பது? சசிரேகா நொண்டிக்கொண்டே போய் ஒயரைப் பிடுங்கி எறிந்தாள்.

டாக்டருக்குப் போன் போட்டார்கள். எதிர்முனையில் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "நல்லதாப் போச்சு. பயம் விலகினா உத்தரவு மறுபடி வரும். கொஞ்சம் பொறுங்க, விரை வளரும். உங்க ஊட்டுச் சேவலே சாட்சி" என்றார். சாயங்காலம் வந்த தினகரன் சமாதானம் ஆவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சிறுத்தைக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். இரும்புக் கம்பிவலையும் தகரக் கதவும் சொல்லும் என்றாள் சசிரேகா. அடுத்த விடுமுறையில் அவரே அதை அடித்துக்கொடுத்தார்.

மார்கழிப் பனியில் சசிரேகா கடைக்குப் போன் செய்தாள். வரவேண்டும் என்றாள், வேறெதுவும் சொல்லவில்லை. ஹபீப் இந்தத் தடவை வசனம் எதுவும் தயார் செய்யவில்லை. லைனுக்கு இறங்கும்போதே இரண்டு மூன்று குரல்கள் போட்டிபோட்டுக் கூவுவது கேட்டது. முற்றத்தில் கொண்டை சிவந்த ராஜாக்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

சசிரேகா அவரை விறகு அடுக்கியிருந்த சின்ன அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். அடைவைத்திருந்த முட்டை ஒன்றைச் செல்போன் டார்ச்சின் மேல் வைத்தாள். முட்டை உள்ளிருந்து ஒளிர்ந்தது. நடுவில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து நாலாபக்கமும் மெல்லிய சிவப்பு நரம்புகள். புள்ளி அசைந்தது. அடுத்த முட்டையிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். சசிரேகா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"வர்ற மாசத்தோட எலை பறிக்கறதை விட்டுடறேனுங்க பாய்."

இனி யாரும் ஹபீபை ஒன்றும் கேட்கப்போவதில்லை. மூட்டை நல்ல மூட்டை என்று ஊருக்கே தெரியும். பேசாமல் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்த முட்டைக்குள் துடித்ததைப் பார்த்தபிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். ஜூலையில உனக்கு அனுப்புனது நம்ம வழக்கமான கம்பெனி இல்ல. வேற மில்லு. நான் உங்கிட்ட மறைச்சுட்டேன்."

சசிரேகா முட்டையைக் கூடைக்குள் பதமாக வைத்தாள்.

"தெரியுமுங்க."

"தெரியுமா!"

"மூட்டை தெச்ச நூலு வேற, மணம் வேற. அன்னைக்கே தெரியும். நீங்க வாயத் தெறந்து சொல்வீங்கன்னு பாத்தேன், சொல்லலை. அதுக்கப்புறம் சேவல் கூவலைன்னதும் என் புத்தி நேரா உங்க மேலதான் போச்சு. மில்லு மேலகூடப் போகலைங்க."

ஹபீபுக்கு அது வலிக்கவில்லை. ஜூலையிலிருந்து தூக்கிச் சுமந்ததை இறக்கிவைத்த சுகம்தான் இருந்தது. சசிரேகா கதவைத் திறந்தாள். வெளிச்சம் உள்ளே வந்தது.

"அதே மில்லு தீவனம் ரெண்டு மூட்டை வேணுமுங்க பாய். நல்லாத்தான் இருக்குது. இந்தத் தடவை சொல்லிப்போட்டு அனுப்புங்க" என்றாள்.

நாளைக்கே அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு ஹபீப் தேத்தண்ணீரை வாங்கிக்கொண்டார்.